போகிற இடமா, எடுக்கிற இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் இணைப்பில், பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுத்தரும் பத்தியில், ஒரு பட்டியலைச் சுட்டெண்களை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, கொண்டு வரிசை மாற்றுவது எப்படி என்று எழுதியிருந்தார்கள். நல்ல பொருள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லிஸ்ட் பாடத்திலேயே வருகிறது. ஆனால் இந்த வேலையை யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. எடுத்துக்கொண்டதற்காகப் பாராட்டுகிறேன். குறை என்னவென்றால், அந்தப் பத்தியில் விளக்கம் ஒரு திசையில் போகிறது, நிரல், அதாவது கணினிக்கு எழுதிய கட்டளை, எதிர்த் திசையில் போகிறது. கொடுத்திருந்த எடுத்துக்காட்டில் (மூன்று பெயர், சுட்டெண் 3, 2, 1) எந்தத் திசையில் போனாலும் ஒரே விடைதான் வந்தது. அதனால் எழுதியவருக்கும் தெரியவில்லை, சரிபார்த்தவருக்கும் தெரியவில்லை.

விளக்கத்தில் சொன்னது இது: சுட்டெண் பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும், அந்தந்தப் பொருள் போய் உட்கார வேண்டிய இடம். கீழே அச்சாகியிருந்த நிரலின் முக்கியமான வரி இது. மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் போட்டு எழுதுகிறேன், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்:

புதியது[இ] = பழையது[சுட்டு[இ]]

இதில் இ என்பது ஒவ்வோர் இடமாக ஓடும் எண். இந்த வரி எதையும் எங்கும் அனுப்பவில்லை. புதிய பட்டியலின் ஒவ்வோர் இடமும், "எனக்கு வர வேண்டியது பழையதில் எத்தனையாவதாக இருக்கிறது?" என்று கேட்டு எடுத்துக்கொள்கிறது. விளக்கத்தில் சொன்னபடி அனுப்ப வேண்டுமானால் வரி இப்படி இருந்திருக்க வேண்டும்:

புதியது[சுட்டு[இ]] = பழையது[இ]

சுட்டு சமக்குறியின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு வந்துவிட்டது. பார்வைக்கு அவ்வளவுதான். முதல் வரிக்குச் சுட்டெண் என்பது எடுக்கிற இடம். இரண்டாவது வரிக்கு அது போகிற இடம். இரண்டும் சரியான நிரல்கள், இரண்டுக்கும் தேவை உண்டு. ஒன்றின் விளக்கத்தை இன்னொன்றின் தலையில் கட்டினால்தான் வம்பு.

நான் கணினி படித்தவனல்ல. சிவகாசியில் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆஃப்செட் வந்து, கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் காலம்வரை ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் உங்கள் பத்தியில் இருந்த நிரலில் ஐந்து பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவங்க சொன்ன மாதிரி வரலையே" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலில் நாள் முழுக்கச் செய்வது இந்த வேலையைத்தான்.

எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், கடைத்திறப்பு விழா மடிப்பு, எதுவாகவும் இருக்கட்டும். இரண்டு தாள், ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் பின் அடிக்கிறோம். வெளித்தாளின் வெளிப்புறத்தில் இடது பக்கம் 8, வலது பக்கம் 1. அதே தாளின் உட்புறத்தில் 2, 7. உள்தாளின் வெளிப்புறத்தில் 6, 3. உட்புறத்தில் 4, 5. ஆக, அச்சுக்குப் போகிற வரிசை:

8, 1, 2, 7, 6, 3, 4, 5

இது எடுக்கிற இடங்களின் பட்டியல். முதல் இடத்துக்கு எட்டாம் பக்கத்தை எடு, இரண்டாம் இடத்துக்கு ஒன்றாம் பக்கத்தை எடு, என்று போகும். அச்சுக்கூடத்தில் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் சுவரில் ஒட்டியிருக்கும். ஏனென்றால் வேலை செய்கிறவன் நிற்பது தாளின் முன்னால். கையில் காலி இடம் இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்பதுதான் அவன் கேள்வி.

பக்கம் வடிவமைக்கிறவருக்கு வேறு கேள்வி. அவர் கையில் மூன்றாம் பக்கம் இருக்கிறது. அதில் நாலு வண்ணத்தில் ஒரு விளம்பரம் வந்துவிட்டது. எந்தத் தாள், எந்தப் புறம் என்று தெரிந்தால்தான் அந்தப் புறம் முழுக்க வண்ணத்தில் ஓட வேண்டுமா என்று கணக்குப் போட முடியும். அவருக்கு வேண்டியது போகிற இடங்களின் பட்டியல். மேலே உள்ளதைத் திருப்பினால் கிடைக்கும். ஒன்றாம் பக்கம் 2ஆம் இடத்தில், இரண்டாம் பக்கம் 3ஆம் இடத்தில், மூன்றாம் பக்கம் 6ஆம் இடத்தில் என்று எழுதிக்கொண்டே போனால்:

2, 3, 6, 7, 8, 5, 4, 1

இரண்டு பட்டியலிலும் அதே எட்டு எண்கள்தான். இரண்டும் ஒரே புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் தெரியாத ஒருவர் கையில் இரண்டாவதைக் கொடுத்து, "இந்த வரிசையில் எடு" என்று சொன்னால் புத்தகத்தின் முன் அட்டையில் மூன்றாம் பக்கமும் பின் அட்டையில் இரண்டாம் பக்கமும் வரும். வேடிக்கை என்னவென்றால், 4ஆம் இடமும் 7ஆம் இடமும் அப்போதும் சரியாகவே இருக்கும். இரண்டு பட்டியலையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: நான்காவது எண் இரண்டிலும் 7, ஏழாவது எண் இரண்டிலும் 4. அவை இரண்டும் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்கிறவை. போகிற இடமும் எடுக்கிற இடமும் அவற்றுக்கு ஒன்றுதான்.

உங்கள் பத்தியின் எடுத்துக்காட்டு தப்பித்த ரகசியம் இதுதான். மூன்று பெயர், சுட்டெண் 3, 2, 1. முதலும் கடைசியும் ஒன்றோடொன்று இடம் மாறுகின்றன, நடுவில் உள்ளது அசையவில்லை. எந்த நிரலில் போட்டாலும் ஒரே விடைதான் வரும். மூன்று பொருளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். அந்த ஆறில் நான்கு இப்படிப்பட்டவை. எடுத்தாலும் அனுப்பினாலும் அவற்றில் வித்தியாசம் தெரியாது. 2, 3, 1 என்பதும் 3, 1, 2 என்பதும்தான் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். நான்கு பொருளுக்கு 24 வரிசைகளில் 10 மறைத்துவிடும். ஐந்துக்கு 120இல் 26. பொருள் கூடக்கூட மறைப்பவை அரிதாகும். ஆனால் கற்றுக்கொடுக்கிறவர்கள் எப்போதும் சின்ன எடுத்துக்காட்டையே எடுப்பார்கள், அதிலும் தலைகீழாகத் திருப்புவதையே எடுப்பார்கள். தலைகீழ் வரிசை எத்தனை பொருள் இருந்தாலும் மறைத்துவிடும். பத்தி எழுதியவரைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்கு வந்த முதல் எடுத்துக்காட்டைப் போட்டிருக்கிறார்.

இதெல்லாம் பெயர்ப் பட்டியலோடு போய்விட்டால் பரவாயில்லை. ரேங்க் பட்டியலில் வந்தால்? ஐந்து மாணவர்கள், மதிப்பெண் முறையே 62, 91, 78, 55, 84 என்று வைத்துக்கொள்வோம். அதிக மதிப்பெண்ணிலிருந்து வரிசைப்படுத்தி, மதிப்பெண்ணுக்குப் பதில் மாணவரின் எண்ணைக் கேட்டால் கணினி தருவது 2, 5, 3, 1, 4. முதலிடத்தில் யார், இரண்டாமிடத்தில் யார் என்பதற்கு இது விடை. "எனக்கு என்ன ரேங்க்?" என்பதற்கு விடை வேறு: 4, 1, 3, 5, 2. முதல் பட்டியலையே ரேங்க் என்று நினைத்து மாணவர் பெயருக்கு நேராக ஒட்டினால், 55 வாங்கிய நான்காவது பிள்ளைக்கு முதல் ரேங்க், 91 வாங்கிய பிள்ளைக்குக் கடைசி ரேங்க். மூன்றாவது பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பார்த்தாலும் மூன்றுதான். சரிபார்க்கிறவர் அந்த ஒரு பெயரை எடுத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிடவும் கூடும்.

நம்பை என்று ஒரு தொகுப்பு பைத்தானில் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆர்க்சார்ட் என்ற கட்டளை தருவது எடுக்கிற இடங்களின் பட்டியல்; எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், சின்னதிலிருந்து பெரிதாகப் போகும். அந்த விடையையே மறுபடியும் ஆர்க்சார்ட் செய்தால் போகிற இடங்கள் கிடைத்துவிடும். கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர் உருவாக்கிய ஏபிஎல் மொழியில் இதற்கென்றே ஒற்றைக் குறி உண்டு. ஒரு முறை போட்டால் வரிசை, அடுத்தடுத்து இரண்டு முறை போட்டால் ரேங்க். 1979இல் அவருக்கு டியூரிங் விருது கொடுத்தார்கள். சம மதிப்பெண் வந்தால் யாரை முன்னால் வைப்பது என்பது தனிப் பிரச்சினை. பைத்தானின் சொந்த வரிசைப்படுத்தல் அந்த இடத்தில் பழைய வரிசையைக் கலைக்காது. நம்பையில் அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

பேத்தியின் தோழி ஒருத்தி, பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கிறவள், இன்னொன்று செய்தாள். எதற்கு இரண்டாவது பட்டியல், பழையதிலேயே மாற்றிவிடலாமே என்று நினைத்தாள். முதல் இடத்தில் எட்டாவதைப் போடு, இரண்டாம் இடத்தில் ஒன்றாவதைப் போடு என்று வரிசையாக ஓட்டினாள். வந்த விடையைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்:

8, 8, 8, 7, 6, 8, 7, 6

ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாப் பக்கமும் தொலைந்துவிட்டன. முதல் இடத்தில் 8 வந்து உட்கார்ந்ததும் அங்கே இருந்த 1 போய்விட்டது. இரண்டாம் இடம் "ஒன்றாவதில் இருப்பதைக் கொடு" என்று கேட்கும்போது அங்கே இருப்பது 8. அதை வாங்கி மூன்றாம் இடத்துக்கும் கொடுத்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் ஈய எழுத்துக் காலத்துக் கதையைச் சொன்னேன். அப்போது ஒரு பக்கம் என்பது நூல் சுற்றிக் கட்டிய ஈயக் கட்டி, நல்ல கனம். பாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்களின் தொகுதி) கோப்பதற்கு மட்டமான பெரிய கல்மேடை இருக்கும். பக்கங்களை அதன் மேல் முறைப்படி பரப்பி, இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டுவோம். புதிதாக வந்த பையன் எட்டையும் நேர் வரிசையில் 1, 2, 3 என்று வைத்துவிட்டான் என்றால், எல்லாவற்றையும் தூக்கிக் கீழே வைத்து மறுபடி அடுக்க மாட்டோம். இடுப்பும் தாங்காது, மேடையில் வேறு இடமும் இருக்காது. ஒரே ஒரு பக்கத்தைத் தூக்கிக் கேலி என்று நாங்கள் சொல்லும் எழுத்துத் தட்டில் வைப்போம். ஒன்றாம் இடத்தில் இருந்ததைத் தூக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலி இடத்துக்கு வர வேண்டியது 8. எட்டாம் இடத்திலிருந்து அதை நகர்த்துவோம். இப்போது எட்டாம் இடம் காலி, அதற்கு வேண்டியது 5. ஐந்தாம் இடம் காலியாகும், அதற்கு 6. ஆறாம் இடத்துக்கு 3. மூன்றாம் இடத்துக்கு 2. இரண்டாம் இடத்துக்கு வேண்டியது 1, அது தட்டில் காத்திருக்கிறது. ஒரு சுற்று முடிந்தது, ஆறு பக்கம் சரியாகிவிட்டது. மிச்சம் 4, 7 இரண்டும். ஒன்றைத் தட்டில் எடுத்து, மற்றதை நகர்த்தி, தட்டில் உள்ளதை வைத்தால் முடிந்தது. மொத்தம் பத்து நகர்த்தல்.

அந்தத் தட்டுதான் நிரலில் ஒரே ஒரு தற்காலிக மாறி. எத்தனை ஆயிரம் உறுப்புகள் இருந்தாலும் ஒரு தட்டு போதும். எந்த வரிசை மாற்றத்தையும் இப்படித் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்துவிடலாம், ஒரு சுற்று இன்னொன்றோடு முட்டாது. எந்தெந்த இடம் சரியாகிவிட்டது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் முடிந்த சுற்றையே மறுபடி சுற்றிக்கொண்டிருப்போம். ஆனால் என் கருத்தைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்ல வேண்டாம். இரண்டாவது பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு லேப்டாப்பில் இருக்கிற நினைவகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுற்று எப்படி ஓடுகிறது என்பதைப் பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

பத்தியில் தொடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்க எண் ஒன்றில் தொடங்குகிறது, பைத்தான் பூஜ்யத்தில் எண்ணுகிறது. 8, 1, 2, 7 என்பதை அப்படியே கொடுத்தால் 8 என்ற சுட்டெண்ணில் உறுப்பு இல்லை என்று பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். நின்றால் நல்லதுதான், திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து 7, 0, 1, 6, 5, 2, 3, 4 என்று கொடுக்க வேண்டும். அவசரத்தில், முன்பே கழித்ததை மறந்து, இன்னொரு தடவை கழித்துவிட்டால் இரண்டாவது எண் மைனஸ் ஒன்று ஆகிவிடும். பைத்தானுக்கு மைனஸ் ஒன்று என்றால் கடைசி உறுப்பு. சத்தமே போடாமல் அதை எடுத்துக்கொடுக்கும். பக்கங்கள் 7, 8, 1, 6, 5, 2, 3, 4 என்று வரும். எட்டும் இருக்கும், எதுவும் இரட்டிக்காது. "எல்லாப் பக்கமும் இருக்கிறதா?" என்று மட்டும் பார்த்தால் பிடிபடாது.

பிடிக்கிற வழி அச்சுக்கூடத்தில் உண்டு. ஒரே புறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால், மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூட வர வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு 9: எட்டும் ஒன்றும், இரண்டும் ஏழும், ஆறும் மூன்றும், நாலும் ஐந்தும். மேலே சொன்ன தவறான வரிசையில் முதல் சோடி 15. போகிற இடப் பட்டியலைத் தப்பாகப் பயன்படுத்தினால் முதல் சோடி 5, அடுத்தது 13. பதினாறு பக்கப் பாரத்தில் ஒரு புறத்தில் 1, 16, 13, 4. அவற்றின் தலைக்குத் தலையாக 8, 9, 12, 5. சோடிக்குச் சோடி 17. திரையில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் சரியான வரிசையும் கலைந்துதான் தெரியும், தப்பான வரிசையும் கலைந்துதான் தெரியும். கூட்டிப் பார்க்க வேண்டும், அல்லது வெள்ளைத்தாளை மடித்து எண் போட்டு டம்மி செய்து பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் உங்கள் நாளிதழையே பிரித்துப் பாருங்கள். ஒரே கட்டாக வரும் பதினாறு பக்க இதழென்றால், வெளித்தாளின் ஒரு புறம் 1, 16, மறுபுறம் 2, 15. உங்கள் அச்சுக்கூடத்தில் இரவுப்பணியில் இருக்கிறவரைக் கேட்டிருந்தால் அந்தப் பத்திக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. அடுத்த இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அச்சான நிரலில் சுட்டெண் என்பது எடுக்கிற இடம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எடுத்துக்காட்டை 3, 2, 1 என்பதிலிருந்து 2, 3, 1 என்று மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதே மூன்று பெயருக்கு இரண்டு விடையும் காட்டுங்கள். கவிதா, மாலா, செல்வி என்ற பட்டியலை 2, 3, 1 என்று எடுத்தால் மாலா, செல்வி, கவிதா. அனுப்பினால் செல்வி, கவிதா, மாலா. (எண்ணிக்கை ஒன்றில் தொடங்குவதாக எழுதியிருக்கிறேன். நிரலில் ஒன்றைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு தடவை மட்டும்.) இதைப் பார்க்கிற பிள்ளை ரேங்க் பட்டியல் எழுதும்போது ஏமாறாது.

கடிதம் நீண்டுவிட்டது. இடத்துக்கு ஏற்பத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளியிடுவதானால் 8, 1, 2, 7, 6, 3, 4, 5 என்ற வரியை மட்டும், எண்கள் முன்பின்னாக இருக்கின்றன என்று புரூஃப் பார்க்கிற தம்பி யாரும் ஒழுங்குபடுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சக ஃபோர்மன்,
சிவகாசி.